கேம் ரெக்கார்ட் பண்ண ஓபிஎஸ் ஸ்டுடியோ போதுமா? ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துல இருந்து ஒரு ரிவ்யூ

மொதல்லயே சொல்லிர்றேன், வீட்டு கம்ப்யூட்டர்ல கேம் வெளாடுறத நல்ல குவாலிட்டில ரெக்கார்ட் பண்ணணும்னா பத்து பைசா செலவு பண்ண வேணாம், ஓபிஎஸ் ஸ்டுடியோங்கற இலவச ரெக்கார்டிங் சாஃப்ட்வேரே தாராளம். ஆனா இன்ஸ்டால் பண்ணி அப்படியே ரெக்கார்ட் பட்டன அமுக்குனா வீடியோ வெட்டி வெட்டி வரும், இல்ல கட்டம் கட்டமா உடைஞ்சு வரும், உடனே "என் சிஸ்டம் பத்தல, புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கணும்"னு முடிவு பண்ணிருவாங்க. அந்த முடிவு பாதிக்கு மேல தப்பு. அதுக்காகத்தான் இத இவ்ளோ நீளமா எழுதுறேன்.

எங்க பக்கம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், ஸ்கூல் காலேஜ் லீவும் அதோட சேந்து வந்துரும், அப்பதான் மண்டபம், உச்சிப்புளி, பாம்பன்னு எல்லா பக்கமும் பசங்க கேமிங் சேனல் ஆரம்பிப்பாங்க. ஆரம்பிச்ச வேகத்துல நிறுத்தவும் செய்வாங்க. பேச்சு நல்லா இருக்கும், வெளாட்டு நல்லா இருக்கும், வீடியோ மட்டும் பாக்க முடியாது. அது எனக்கு உண்மையிலேயே கஷ்டமா இருக்கும், ஏன்னா சரி பண்ண வேண்டியது எல்லாமே செட்டிங்ஸ்ல தான் கெடக்கு.

என்கிட்ட இருக்குறது பெரிய மெஷின் இல்ல, ரைசன் 5 ப்ராசசர், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 16 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, ஒரு பழைய ஹார்ட்டிஸ்க். அதுல 1080பி 60 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம்) வழுக்கிட்டு ரெக்கார்ட் ஆகுது.

ஓபிஎஸ் பத்தி தெரியாதவங்களுக்கு சுருக்கமா. 2012ல ஜிம் பெய்லிங்கறவர் தனியாளா ஆரம்பிச்சது, இப்ப ஓப்பன் சோர்ஸா உலகம் பூரா ஆளுங்க சேந்து எழுதுறாங்க, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். வாட்டர்மார்க் கெடையாது, டைம் லிமிட் கெடையாது, "ப்ரோ வெர்ஷன் வாங்கு"ன்னு கேக்குறதும் கெடையாது. இதோட அருமை பழைய ஆளுங்களுக்குத்தான் தெரியும். ஃப்ராப்ஸ்னு ஒண்ணு இருந்துச்சு, காசு குடுக்காட்டி 30 செகண்டுக்கு மேல ரெக்கார்ட் ஆகாது, மேல வாட்டர்மார்க் வேற, 2013க்கு அப்புறம் அதுக்கு அப்டேட்டே வரல. பாண்டிகாம் நல்லாத்தான் இருக்கும், ஆனா ஃப்ரீல பத்து நிமிஷம் தான், மேல அவங்க பேரு நிக்கும்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். கேம் ரெக்கார்டிங் ஏன் கம்ப்யூட்டர இந்தப் பாடு படுத்துதுன்னு ஒரு கணக்கு பாருங்க. ஒரு 1080பி ஃப்ரேம்ல கிட்டத்தட்ட 20.7 லட்சம் புள்ளி இருக்கு, ஓபிஎஸ் உள்ளுக்குள்ள வழக்கமா பயன்படுத்துற என்வி12 ஃபார்மேட்ல ஒரு புள்ளிக்கு ஒன்றரை பைட், அப்ப ஒரு ஃப்ரேம் 3 மெகாபைட்டுக்கு மேல. செகண்டுக்கு 60 ஃப்ரேம்னா 187 மெகாபைட் ஆச்சு. சுருக்காம அப்படியே எழுதுனா ஒரு நிமிஷத்துக்கே 11 ஜிபி போயிரும், எந்த வீட்டு ஹார்ட்டிஸ்க்கும் தாங்காது. அதனால இத செகண்டுக்கு 60 தடவ, அதாவது ஒவ்வொரு 16.7 மில்லிசெகண்டுக்கும் ஒரு தடவ, யாராச்சும் சுருக்கிக்கிட்டே இருக்கணும். அந்த வேலைய யார் செய்றாங்கங்கறதுலதான் மொத்த கதையும் இருக்கு.

ஓபிஎஸ்ல அவுட்புட் செட்டிங்ஸ் போனா என்கோடர்னு ஒரு எடம் இருக்கும். அங்க எக்ஸ்264னு இருந்துச்சுன்னா சுருக்குற வேலை முழுக்க ப்ராசசர் தலைல விழுது, அதே ப்ராசசர்தான் கேமையும் ஓட்டணும். ரெண்டும் அடிச்சுக்கும். மாறா என்விடியா கார்டு இருந்தா என்வென்க், ஏஎம்டின்னா அவங்களோட ஹார்ட்வேர் என்கோடர், இன்டெல் ப்ராசசர்னா குவிக் சிங்க், இதுல ஒண்ணு பெரும்பாலும் வரும். இதெல்லாம் சிப்புக்குள்ள வீடியோ சுருக்குறதுக்குன்னே தனியா வச்சிருக்குற பாகம், கேம் கணக்கு போடுற பாகத்த அது பெருசா தொந்தரவு பண்ணாது. இத மாத்துனதுமே பாதி பேருக்கு பிரச்சனை தீந்துரும். ஒரு விஷயம், அசெம்பிள் பண்றப்ப வெல கம்மின்னு பேருக்கு பின்னாடி எஃப் போட்ட இன்டெல் ப்ராசசர் வாங்கிருப்பீங்க, 12400எஃப் மாதிரி, அதுல உள்ளுக்குள்ள கிராஃபிக்ஸ் கெடையாது, அதனால குவிக் சிங்க்கும் இருக்காது, தேடி நேரத்த வீணாக்காதீங்க, கார்டுல இருக்குற என்கோடர எடுத்துக்கோங்க. என் 1650 சாதா கார்டுல இருக்குறது அதே வரிசைல வந்த 1650 சூப்பர்ங்கற கார்டுல இருக்குறதுக்கு முந்தின தலைமுறை என்கோடர், ஆனாலும் பிட்ரேட் (ஒவ்வொரு செகண்டு வீடியோவுக்கும் செலவாகுற டேட்டா அளவு) தாராளமா விட்டா வீட்ல ரெக்கார்ட் பண்றதுக்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியல.

அடுத்தது பிட்ரேட், இங்கதான் நெறைய பேரு மாட்டிக்கிறாங்க. ஓபிஎஸ் அடிப்படைல லைவ் ஸ்ட்ரீமிங்குக்காக வந்தது, அதோட சிம்பிள் மோட்ல ரெக்கார்டிங் குவாலிட்டி "சேம் ஆஸ் ஸ்ட்ரீம்"னு இருந்தா நெட்ல அனுப்புற கம்மி பிட்ரேட்லயே உங்க ஹார்ட்டிஸ்க்லயும் எழுதும். உங்க வீட்டு ஹார்ட்டிஸ்க்குக்கு நெட்வொர்க் நெருக்கடி என்னத்துக்கு? அத மாத்தி "இன்டிஸ்டிங்குயிஷபிள் குவாலிட்டி" வச்சிருங்க, முடிஞ்சுது. அதுக்கு கீழ லாஸ்லெஸ்னு ஒண்ணு இருக்கும், பேரப் பாத்து ஆசப்பட்டு தொட்றாதீங்க, டிஸ்க் ரொம்பிரும்.

அட்வான்ஸ்ட் மோட் தெரிஞ்சவங்க ரேட் கன்ட்ரோல்ல சிபிஆர எடுத்துட்டு சிக்யூபி வைங்க. சிபிஆர்ங்கறது பந்திக்கு எத்தன பேரு வந்தாலும் ஒரே அளவு சோறு வடிக்கிற மாதிரி, சும்மா மெனு ஸ்க்ரீன்ல நிக்கிறப்பயும் அதே அளவு, மழையும் புல்லும் வெடியும் சேந்து வர்றப்பயும் அதே அளவு, அப்பதான் படம் கட்டம் கட்டமா உடையும். சிக்யூபில குவாலிட்டிய நீங்க ஒரு நம்பரா சொல்லிர்றீங்க, எவ்ளோ பிட் வேணுமோ அத அதுவே எடுத்துக்கும். நம்பர் கொறைய கொறைய குவாலிட்டி கூடும், ஃபைலும் பெருக்கும். 20ல ஆரம்பிங்க, எடம் பத்தலன்னா 23க்கு போங்க, 16க்கு கீழ போறதுல ஃபைல் பெருக்குமே தவிர கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. ஜிடிஏ ஃபைவ்ல கடலோரமா வண்டி ஓட்டுற சீனத்தான் நான் எப்பவும் டெஸ்டுக்கு வைப்பேன், அலை, வெயில் மினுமினுப்பு, ரோட்டோரப் புல்லு எல்லாம் ஒண்ணா வர்றதால என்கோடர் திணறுதா இல்லையான்னு அங்க ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிரும். ப்ரீசெட் (என்கோடர் எவ்ளோ மெனக்கெட்டு சுருக்கணுங்கற அளவு) பி5 போதும், அடுத்து வர்ற ஃப்ரேம முன்கூட்டியே பாத்து வைக்கிற லுக் அஹெட்ட ஆஃப் பண்ணிருங்க, அது கேமுக்குப் போக வேண்டிய கார்டு பவர கொஞ்சம் திங்கும்.

ஹார்ட்டிஸ்க் பத்தி ஒரு வார்த்த. "எஸ்எஸ்டி இல்லாம ரெக்கார்ட் பண்ண முடியாதுல்ல"ன்னு கேக்குறாங்க. ஃப்ராப்ஸ் காலத்துல அது ரொம்ப லேசாத்தான் சுருக்கும், டிஸ்க் திணறும், அந்தக் காலத்துப் பேச்சு இன்னும் சுத்துது. இப்ப 50 மெகாபிட்ல ரெக்கார்ட் பண்ணாலும், எட்டு பிட் ஒரு பைட்டுங்கறதால, செகண்டுக்கு ஆறேகால் மெகாபைட் தான், பழைய ஹார்ட்டிஸ்க்கே அசால்ட்டா எழுதிரும். ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி ஆகும், அத மட்டும் கணக்கு வச்சுக்கோங்க. கேம் எஸ்எஸ்டில இருக்கட்டும், ரெக்கார்டிங் ஹார்ட்டிஸ்க்ல போகட்டும். பென்டிரைவ்ல நேரா ரெக்கார்ட் பண்ண வேணாம், அதுல நெறைய எஃப்ஏடி32ங்கற பழைய ஃபார்மேட்ல இருக்கும், ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது.

இப்ப வழுக்கலா வர்ற சமாச்சாரம், இதத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்லணும்னு நெனைக்கிறேன். கேம் ஸ்க்ரீன்ல சூப்பரா ஓடும், ரெக்கார்டிங்க போட்டுப் பாத்தா திக்கித் திக்கி வரும். காரணம் கண்டுபிடிக்க ஓபிஎஸ்லயே ஸ்டாட்ஸ்னு ஒரு விண்டோ இருக்கு, அத தொறந்து வச்சுக்கிட்டு ரெண்டு நிமிஷம் வெளாண்டு பாருங்க. அதுல "ஃப்ரேம்ஸ் மிஸ்டு டியூ டு ரெண்டரிங் லேக்"னு ஒரு வரி, "ஸ்கிப்ட் ஃப்ரேம்ஸ் டியூ டு என்கோடிங் லேக்"னு ஒரு வரி. ரெண்டும் வேற வேற வியாதி. ரெண்டாவது ஏறுனா என்கோடர் திணறுது, ப்ரீசெட்ட கொறைங்க, எக்ஸ்264ல இருந்தா ஹார்ட்வேருக்கு மாத்துங்க. மொதல் வரி ஏறுனா என்கோடர் மேல தப்பே இல்ல, கிராஃபிக்ஸ் கார்டுக்கு மூச்சு விட எடம் இல்லன்னு அர்த்தம். ஓபிஎஸ்ஸும் ஒவ்வொரு ஃப்ரேமையும் கோத்து எடுக்க அதே கார்டத்தான் கேக்குது, கேம் 100 பர்சென்ட்டயும் இழுத்துக்கிட்டா ஓபிஎஸ்ஸுக்கு மொறை வராது, அந்த ஃப்ரேம் போச்சு. பாம்பன்ல இருக்குற மச்சான் ஒருத்தன் இதே பிரச்சனையோட வந்தான், வேலரன்ட் 200 எஃப்பிஎஸ்க்கு மேல ஓடுது மாப்ள, ரெக்கார்டிங் மட்டும் ஏன் இப்படி வருதுன்னு. அந்த 200 தான் காரணம். கேம்ல எஃப்பிஎஸ் லிமிட் வச்சோம், ஓபிஎஸ்ஸ ரைட் க்ளிக் பண்ணி ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்ல தொறந்தோம், அப்படித் தொறந்தா விண்டோஸ் அதுக்கு கார்டுல முன்னுரிமை குடுக்கும், ஓபிஎஸ் ப்ரிவியூவையும் ஆஃப் பண்ணோம், அந்த மொதல் வரி பூஜ்யத்துலயே நின்னுச்சு.

லிமிட்டும் கண்ட நம்பர்ல வைக்கக் கூடாது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வச்சிருக்கவங்க கேம 144ல ஓட்டி 60ல ரெக்கார்ட் பண்ணா, 144ஐ 60ஆல வகுத்தா 2.4 வருது, அதாவது ஒரு தடவ ரெண்டு ஃப்ரேம் தள்ளி எடுக்கும், ஒரு தடவ மூணு தள்ளி எடுக்கும், ஒரு ஃப்ரேம் கூட விட்டுப் போகாமயே வீடியோ லேசா உதறும். 120ல நிறுத்துனா ஒண்ணு விட்டு ஒண்ணு சரியா எடுக்கும். கார்டுக்கு சக்தி இல்லன்னா 60லயே நிறுத்துங்க. வீடியோ செட்டிங்ஸ்லயும் எஃப்பிஎஸ் 30னு இருந்தா 60 ஆக்குங்க, பேஸ் ரெசல்யூஷனும் அவுட்புட் ரெசல்யூஷனும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, அவுட்புட் மட்டும் 720ல கெடந்தா எவ்ளோ பிட்ரேட் குடுத்தாலும் மங்கலாத்தான் வரும்.

இனி கரண்ட். நம்ம ஊரு நெலம தெரியும்ல, காத்து கொஞ்சம் பலமா அடிச்சாலே லைட்டு சிமிட்ட ஆரம்பிச்சிரும், மெயின்டெனன்ஸ்னு ஒரு நாள் பகல் பூரா போயிரும். ரெக்கார்டிங் ஃபார்மேட் சாதா எம்பி4ல இருந்து நடுவுல கரண்ட் போச்சுன்னா மொத்த ஃபைலும் காலி, ஏன்னா எந்த ஃப்ரேம் எங்க இருக்குங்கற அட்டவணைய அது கடைசில ஸ்டாப் அமுக்குறப்பத்தான் எழுதும், அட்டவணை இல்லாத ஃபைல எந்த ப்ளேயரும் தொறக்காது. எம்கேவிங்கற ஃபார்மேட்ல அப்படி இல்ல, கரண்ட் போன செகண்டு வரைக்கும் எழுதுனது அப்படியே நிக்கும். எங்க வீட்ல ரெண்டு மணி நேரம் ஓடுன ரெக்கார்டிங் இப்படித்தான் தப்பிச்சுது, கடைசி ரெண்டு மூணு செகண்டு மட்டும் தான் போச்சு. எடிட்டருக்கு எம்பி4 தான் வேணும்னா அப்புறமா ஃபைல் மெனுல ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்னு இருக்கு, நொடில மாத்திரும், குவாலிட்டி கொறையாது, வெறும் டப்பா மட்டும் தான் மாறுது. 2024ல வந்த 30.2 வெர்ஷன்ல இருந்து ஹைப்ரிட் எம்பி4னும் ஒண்ணு குடுக்குறாங்க, அதுவும் இந்த மாதிரி பாதில நின்னாலும் தாங்கும். நான் இன்னும் எம்கேவிதான். இந்த ஒரு வசதிக்காகவே நான் ஓபிஎஸ்ஸ விட மாட்டேன்.

சத்தம் பத்தி சொல்லாம விட்டா பாவம். கடலோரத்துல வீடு, கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல ஜன்னல் தடதடங்கும், தலைக்கு மேல ஃபேன், அத ஆஃப் பண்ணிட்டு மே மாசத்துல யாரும் உக்கார முடியாது. ஓபிஎஸ்ல மைக்க ரைட் க்ளிக் பண்ணி ஃபில்டர்ஸ் போய் நாய்ஸ் சப்ரெஷன் போட்டு அதுல ஆர்என்நாய்ஸ் வைங்க, ஃபேன் சத்தம் காணாமப் போயிரும், சொன்னா நம்ப மாட்டீங்க. திடீர்னு வீசுற காத்த முழுசா எடுக்காது. ஊர்த் திருவிழா மைக் செட் பாட்ட நம்பி விட முடியாது, அதுல மனுசக் குரல் இருக்குல்ல, குரல விட்டு வைக்கத்தான் அந்த ஃபில்டருக்குப் பழக்கியிருக்காங்க.

அந்தப் பாட்டு வேற ஒரு வம்பையும் இழுக்கும். சினிமாப் பாட்டு பின்னால கேட்டா யூட்யூப்போட தானியங்கி காப்பிரைட் செக், அதாவது கன்டென்ட் ஐடி, அதுல கிளெய்ம் விழும், பேசுனது கேம் பத்தின்னு அதுக்குத் தெரியாது. இதுக்கு ஓபிஎஸ்ல அழகான வழி இருக்கு. மொத்தம் ஆறு ஆடியோ ட்ராக் குடுத்திருக்காங்க, அட்வான்ஸ்ட் ஆடியோ ப்ராப்பர்ட்டீஸ்ல போய் ஒண்ணாவது ட்ராக்ல எல்லாம், ரெண்டாவதுல கேம் சத்தம் மட்டும், மூணாவதுல மைக் மட்டும்னு டிக் போட்டு, ரெக்கார்டிங் செட்டிங்ஸ்லயும் அந்த மூணையும் டிக் பண்ணிருங்க. பாட்டு விழுந்த எடத்துல எடிட் பண்றப்ப மைக் ட்ராக்க மட்டும் வெட்டிறலாம், கேம் சத்தம் அப்படியே இருக்கும். சாதா ப்ளேயர்ல போட்டா மொதல் ட்ராக் மட்டும் தான் கேக்கும், மத்தது பதிவாகலன்னு பதறாதீங்க.

கொறை இல்லாம இல்ல. புதுசா தொறக்குறவங்களுக்கு ஸீன், சோர்ஸ், மிக்ஸர்னு ஒரே நேரத்துல அத்தனையும் காட்டி மெரட்டுது, வழி சொல்ற ஆட்டோ கான்ஃபிகரேஷன் விஸார்டும் ஓரளவுக்குத்தான் உதவும், அதுல ரெக்கார்டிங்க்கு ஆப்டிமைஸ்ங்கறத எடுக்கணும். லேப்டாப்ல கேம் ஸ்க்ரீன எடுக்குற கேம் கேப்சர் சோர்ஸ வச்சா வெறும் கருப்பு ஸ்க்ரீன் வர்றது அடுத்த தலவலி, லேப்டாப்ல ரெண்டு கிராஃபிக்ஸ் இருக்கும், கேம் ஒண்ணுலயும் ஓபிஎஸ் இன்னொண்ணுலயும் ஓடுனா ஒண்ண ஒண்ணு பாக்காது. விண்டோஸ் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ்ல ஓபிஎஸ்ஸ சேத்து, கேம் ஓடுற கார்டுக்கே அதையும் மாத்தி விடணும். இத ஓபிஎஸ்ஸே கண்டுபிடிச்சு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்.

என்விடியா கார்டு வச்சிருக்கவங்க "எனக்கு எதையும் நோண்டத் தெரியாது, ஒரு பட்டன் போதும்"னா அவங்களோட ஷேடோப்ளே எடுத்துக்கலாம், 2013ல இருந்தே இருக்கு, கார்டுக்கு சுமை ரொம்பக் கம்மி, கடைசி சில நிமிஷத்த மட்டும் சேவ் பண்ற வசதியும் இருக்கு. ஆனா அதுல வர்ற வீடியோ ஃப்ரேம் ரேட் ஏறி எறங்கும், சில எடிட்டர்ல போடுறப்ப போகப் போக வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம்னு ஆயிரும். ஓபிஎஸ் ஒரே சீரான ஃப்ரேம் ரேட்ல எழுதும், கடைசி நிமிஷங்கள மட்டும் எடுக்குற ரீப்ளே பஃபரும் இதுலயே இருக்கு. விண்டோஸோட கேம் பார் அவசரத்துக்கு ஆகும், அவ்ளோதான்.

செட்டிங்ஸ் எல்லாம் சரியா இருந்தும் வெட்டுதுன்னா கேபினெட்ட தொறந்து பாருங்க, இது எங்க கடற்கரை ஊருக்குன்னே சொல்றது. உப்புக் காத்து எதையும் விடாது. கார்டு பூட்டியிருக்குற தகடு ஓரத்துல செவப்பா துரு ஏறியிருக்கும், யூஎஸ்பி போர்ட்டு உள்ள பச்ச பூத்திருக்கும், ஃபேன் றெக்கைல தூசியும் ஈரமும் சேந்து பிசுபிசுன்னு அப்பியிருக்கும், வெறும் துணில தொடச்சா வராது. ஏற்கெனவே கொதிக்கிற ரூம்ல காத்தும் போகலன்னா கார்டு சூடு தாங்காம தானே வேகத்தக் கொறச்சுக்கும், பத்து நிமிஷம் நல்லா ஓடி அப்புறம் வெட்ட ஆரம்பிச்சா பெரும்பாலும் இதுதான். ப்ளக்க உருவிட்டு பிரஷ் வச்சு சுத்தம் பண்ணுங்க, ரேம் கழட்டி அந்த தங்கக் கலர் பல்ல அழிரப்பரால மெதுவா தேச்சுட்டு மாட்டுங்க. கேபினெட்ட ஜன்னல விட்டு தள்ளி வைங்க, கடல் பக்க ஜன்னலா இருந்தா கண்டிப்பா.

டவுன்லோட் பண்றப்ப ஓபிஎஸ் ப்ராஜெக்ட் டாட் காம்லயோ ஸ்டீம்லயோ மட்டும் எடுங்க. கூகுள்ல தேடுனா மேல விளம்பரமா வர்ற போலி சைட்ல வைரஸ் கலந்து குடுத்தது நடந்திருக்கு. ராம்நாட்ல ஒரு கடைல இத போட்டுத் தர ஒரு தம்பிகிட்ட "லைசென்ஸ் காசு"ன்னு வாங்கிருக்காங்க, கேட்டப்ப எனக்கு கோவம் தான் வந்துச்சு. இன்ஸ்டால் பண்ண கூலி கேட்டா அது வேற, ஓபிஎஸ்ஸுக்கு லைசென்ஸ் காசுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது.

கடைசியா அப்லோட். 50 மெகாபிட்ல ரெக்கார்ட் பண்ண ஃபைல அப்படியே ஏத்துனா பத்து நிமிஷ வீடியோவே மூணே முக்கா ஜிபி வரும், நம்ம ஊரு நெட்டுக்கு விடிஞ்சிரும். 1080பி 60 எஃப்பிஎஸ்க்கு யூட்யூப் கேக்குறது 12 மெகாபிட், அந்த அளவுல எக்ஸ்போர்ட் பண்ணா அதே பத்து நிமிஷம் 900 மெகாபைட்ல அடங்கிரும். நெட் நல்லா இருக்குறவங்க 1440பிக்கு பெருசாக்கி 24 மெகாபிட்ல ஏத்திப் பாருங்க, யூட்யூப் அதுக்கு நல்ல கோடெக் (வீடியோவ சுருக்குற முறை) குடுக்கும், புல்லும் தண்ணியும் வர்ற எடத்துல வித்தியாசம் தெளிவா தெரியும். யாருக்காச்சும் ஸ்டாட்ஸ் விண்டோல ரெண்டு வரில எது ஏறுதுன்னு புரியலன்னா உங்க கார்டு, ப்ராசசர், என்ன கேம்னு போட்டு கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.